அல்பாகா முட்டையும் என் மாட்டுக் கணக்கும்

பசுவின் சினைமுட்டைகளை ஆய்வகத்தில் முதிரவைப்பது எனக்குப் பழகிய வேலை. அந்தத் தைரியத்தில்தான் பெரு நாட்டின் புனோவுக்குப் போனேன். ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த அல்பாகாவும் அசைபோடுகிற பிராணிதானே, பெரிதாக என்ன மாறிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

காலையில் கசாப்புக்கூடத்திலிருந்து சினைப்பைகள் வந்துவிடும். உடல் சூட்டில் வைத்த உப்புக் கரைசலில், பிளாஸ்குக்குள். பசுவினதோடு ஒப்பிட்டால் ரொம்பச் சிறியவை. மேலே கொப்புளம்போல் தெரியும் நுண்ணறைகளில் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை உள்ளவற்றை 18 கேஜ் ஊசியால் குத்தி, மெதுவாக உறிஞ்ச வேண்டும். அவசரமாக இழுத்தால் முட்டையைச் சுற்றியுள்ள செல்கள் உரிந்துபோகும். மொட்டை முட்டையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. முதல் நாள் நான் உரித்ததுதான் அதிகம்.

தேறியவற்றை ஊடகம் என்ற வளர்ப்புத் திரவத்தில் போட்டு இன்குபேட்டரில் வைத்தேன். 24 மணி நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். பசு முட்டைக்கு அது போதும். முட்டை முதிர்ந்தால் ஓட்டுக்கும் முட்டைக்கும் நடுவே துருவ உடல் என்ற சின்ன உருண்டை ஒன்று தெரியும். பெரும்பாலான முட்டைகளில் அது இல்லை. ஊடகத்தில் சேர்த்த ஹார்மோன் கெட்டுவிட்டது என்று பாட்டிலைத் திட்டினேன். உண்மையில் அல்பாகா முட்டைக்கு 30 மணி நேரத்துக்கு மேலும் தேவைப்படலாம்.

இன்னொரு தப்பும் இருந்தது. ஊடகம் சால்மன் மீன் நிறத்தில் இருப்பதற்குப் பதிலாக ரோஜா நிறத்துக்கு ஏறியிருந்தது. கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம் என்று கருவி சரியாகத்தான் காட்டியது. ஆனால் 3,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. சதவீதம் அதேதான், வாயு குறைவு, ஊடகத்தின் அமிலத்தன்மை குறைந்து காரமாகிவிடுகிறது; நிறம் ஏறியது அதைத்தான் காட்டியது. 8 சதவீதத்துக்கு ஏற்றியதும் நிறம் இறங்கியது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் போயிற்று.

அப்புறம் விந்து. அல்பாகா விந்தைத் தொட்டு இழுத்தால் நூல் நூலாக வரும். அதிலிருந்து உயிரணுவைப் பிரிப்பது பெரும்பாடு. அதனால் அறுத்த ஆணின் எபிடிடிமிஸிலிருந்து, அதாவது விந்தகத்தை ஒட்டி உயிரணு சேரும் குழாயிலிருந்து, எடுத்ததைப் பயன்படுத்தினோம். அது சுலபமாக முடிந்தது.

32 மணி நேரம் விட்டுப் பார்த்த தொகுதியில், கருவுறச் செய்த ஏழாம் நாள், ஒரு தட்டில் இரண்டு பிளாஸ்டோசிஸ்ட், அதாவது தாய்க்குள் வைக்கும் அளவுக்கு வளர்ந்த கருக்கள். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "சரி, எந்தத் தாய்க்கு வைக்கப் போகிறீர்கள்?" என்றார்.

அங்கேயும் மாட்டுக் கணக்குதான். பசு 21 நாளுக்கொரு முறை தானாகவே சினைக்கு வரும். அல்பாகாவுக்கு அந்தச் சுற்று கிடையாது. இணை சேர்ந்தால்தான் முட்டை வெளியேறும், அதைத் தூண்டும் புரதமே விந்தில்தான் இருக்கிறது. வாடகைத் தாய்க்கு ஒரு வாரம் முன்பே ஹார்மோன் ஊசி போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. இரண்டு கருவையும் சாயமேற்றி, செல்களை எண்ணிக் குறித்துக்கொண்டோம்.