புயோல் என்றால் எங்கள் ஊரில் புயல்

பார்சிலோனாவுக்கு வந்த முதல் ஆறு மாதத்தில் நான் அதிகம் கேட்ட சொல் 'சீத்தா'. அரசு அலுவலகத்துக்குப் போக முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும், அதற்கு ஸ்பானிஷில் அதுதான் பெயர். என்னோடு தங்கியிருந்த பெரு நாட்டுக்காரர் தினமும் காலையில் "சீத்தா கிடைத்ததா?" என்பார். ராமன்கூட இவ்வளவு தேடியிருக்க மாட்டான். ஒருவழியாகக் கிடைத்த நாளில், ஒரு நகல் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று பசியும் எரிச்சலுமாக நுழைந்த இடம் எங்கள் தெருமுனை பார். நகரத்தை ஒட்டிய லோஸ்பிதாலேத்தில் இருக்கிறது என் அறை. பார் என்றதும் டாஸ்மாக்கை நினைக்க வேண்டாம். இங்கே அது நம் டீக்கடை மாதிரி. காலை ஏழு மணிக்கே காபி, செய்தித்தாள், அரசியல், கால்பந்து எல்லாம் ஓடும். சுவரில் தோள் வரை சுருட்டை முடியோடு ஒருவர் படம். எங்கள் ஊரில் இப்படி முடி வளர்த்தால் ஏதோ கோயிலுக்கு நேர்ந்திருக்கிறான் என்பார்கள். பக்கத்து மேசைப் பெரியவரிடம் யார் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கார்லெஸ் புயோல், பார்சிலோனா கால்பந்து அணியின் பழைய கேப்டன்" என்றார். என் காதில் அது 'புயல்' என்றே விழுந்தது. என் மொழியில் அதற்குப் புயல் என்று பொருள் என்று அரைகுறை ஸ்பானிஷில் சொன்னேன். கொஞ்சம் இழுத்துச் சொன்னதுதான், என்றாலும் பெரியவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அன்றைக்கு என் சாப்பாட்டுக்கு அவரே காசு கொடுத்தார்.

நான் கோவில்பட்டிக்காரன், ஹாக்கி பார்த்து வளர்ந்தவன். கால்பந்தில் மெஸ்ஸியைத் தெரியும், அவ்வளவுதான். பெரியவரோ மெஸ்ஸி பேச்சையே எடுக்க மாட்டார். "அவன் உலகத்துக்குச் சொந்தம், இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை" என்பார். சொல்லும்போது கை தானாக வேலை செய்யும். சுட்ட ரொட்டித் துண்டை இடது கையில் பிடித்து, பாதியாக வெட்டிய தக்காளியை அதன்மேல் அழுத்தித் தேய்ப்பார். சாறும் விதையும் ரொட்டியில் இறங்கி, கையில் வெறும் தோல்தான் மிஞ்சும். அப்புறம் ஆலிவ் எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. முதல் தடவை நான் தக்காளியை வட்டமாக நறுக்கி ரொட்டிமேல் வைத்தேன். நான் ஏதோ பாவம் செய்துவிட்டதுபோல அதைப் பிடுங்கிக்கொண்டார்.

புயோல் 1978-இல் பிறந்தது லா போப்லா தெ செகுர் என்ற மலையடிவாரத்துச் சிற்றூரில். சின்ன வயதில் கோல்கீப்பராக நின்றிருக்கிறார், பிறகு முன்வரிசையில் ஆடியிருக்கிறார். பார்சிலோனா கிளப்பின் லா மாசியா என்ற இளையோர் பயிற்சிப் பள்ளிக்கு வந்தபோது வயது 17. மற்ற பையன்கள் பத்துப் பன்னிரண்டில் வந்துவிடுகிற இடத்துக்கு அவ்வளவு தாமதமாக வந்தவர். 1998-இல் மலாகா அணிக்கு அனுப்பக் கிளப் சம்மதித்தும், போக மாட்டேன் என்று இவர் நின்றுவிட்டார். 1999-இல் பயிற்சியாளர் லூயி வான் கால் முதல் அணியில் இறக்கிவிட்டார். 2004-இல் கேப்டன். 2014-இல் முழங்கால் இனி தாங்காது என்று விலகும் வரை வேறு கிளப்பின் சட்டையைப் போடவேயில்லை. 593 ஆட்டங்கள், ஸ்பெயின் லீக்கான லா லீகா ஆறு முறை, ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் மூன்று முறை. முப்பத்துநாலு வயதில் இங்கே பெட்டியோடு வந்து இறங்கிய எனக்கு இதில் பிடித்தது, அந்தப் பதினேழு வயதுத் தாமதம்தான்.

2006 நவம்பரில் அவர் தந்தை வேலையிடத்து விபத்தில் இறந்துபோனார். மகன் அப்போது ஆட்டத்துக்காக வெளியூரில். பெரியவர் இதைச் சொன்ன அன்று நான் வீட்டுக்கு இரண்டு முறை போன் செய்தேன். "என்னடா, உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று அம்மா பயந்துவிட்டாள்.

ஸ்பானிஷே தடுமாற்றமாக இருந்த நேரத்தில் இந்தப் பகுதியின் சொந்த மொழியான கத்தலான் வகுப்பில் சேர்ந்தது இந்தப் பெரியவரால்தான். சர்வாதிகாரி பிராங்கோ காலத்துப் பள்ளியில் கத்தலானுக்கு இடமில்லை. வீட்டில் பேசிய மொழியை எழுதக் கற்றபோது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டதாம். மொழிப்போர்க் கதைகள் கேட்டு வளர்ந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையா? 2009 மே 2, மாட்ரிட்டின் பெர்னபேவ் மைதானம். ரியல் மாட்ரிட்டை 6-2 என்று அடித்த அன்று புயோலும் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். போட்டதும் கையிலிருந்த கேப்டன் பட்டியை முத்தமிட்டார். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் ஓடும் கத்தலான் கொடி நிறப் பட்டி அது. பெரியவரின் போனில் அந்தக் காட்சி இருக்கிறது. நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன்.

அடுத்த ஆண்டு டர்பனில் உலகக் கோப்பை அரையிறுதி. 73-வது நிமிடம், ஷாவி கார்னர் அடிக்கிறார். புயோல் 1.78 மீட்டர் உயரம்தான், தற்காப்பில் நிற்கும் மத்திய டிஃபெண்டருக்கு அது குட்டை. ஜெர்மானிய நெட்டையர்களுக்கு நடுவே ஓடிவந்து எகிறி முட்டினார். 1-0. ஸ்பெயின் இறுதிப் போட்டிக்குப் போய்க் கோப்பையையும் வாங்கியது. "கத்தலான் பட்டிக்கு முத்தம், ஸ்பெயினுக்குக் கோல், இதெப்படி?" என்று பெரியவரை வம்புக்கு இழுத்தேன். "பந்து வந்தது, முட்டினான்" என்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது கோலே இல்லை. 2011-இல் வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக் வென்றபோது, சில வாரங்களுக்கு முன்புதான் கல்லீரல் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சக வீரர் அபிதால் கையில் பட்டியைக் கட்டிவிட்டு, நீ தூக்கு என்று கோப்பைக்கு அனுப்பினார் பாருங்கள், அது. கண்டிப்பிலும் குறைவில்லை. 2012-இல் ராயோ வாயெகானோவை 7-0 என்று அடித்த ஆட்டத்தில் சொந்த அணியின் தியாகோவும் டானி ஆல்வெஸும் கோலைக் கொண்டாடி நடனமாட, நடுவே புகுந்து நிறுத்திவிட்டார். தோற்கிறவன் முன்னால் ஆட்டம் போடாதே என்று எங்கள் பி.டி. வாத்தியாரும் முதுகில் ஒன்று வைப்பார்.

போன கோடையில் லெய்தாவிலிருந்து சின்ன ரயிலில் லா போப்லாவுக்குப் போனேன். குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால் நீர்த்தேக்கம், மறுபடி குகை, மறுபடி தண்ணீர். ஊரில் மூவாயிரம் பேர்தான் இருப்பார்கள். அந்தக் காலத்தில் மலையில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் ஓட்டிப்போன பரம்பரை. இன்றும் ஜூலையில் அதற்கொரு விழா நடக்கிறது. கடைக்காரப் பெண்ணிடம் கத்தலானில் தண்ணீர் கேட்டேன். அவளும் கத்தலானிலேயே பதில் சொன்னாள், ஸ்பானிஷுக்கு மாறவேயில்லை. காசு கொடுக்கும்போது என் கை லேசாக நடுங்கியது.

திரும்பி வந்து ரயில் நிலையப் படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"ரத்தாஃபியா எங்கே?" என்றார். மூலிகையும் பச்சை வால்நட்டும் ஊறவைத்த அந்த ஊர்ச் சாராயம்.

வாங்கவில்லை. அந்த வாரம் முழுக்க என் காபிக்கு நானே காசு கொடுத்தேன்.