மணிக்கூலி உயர்ந்த ஆண்டில் ஒரு ஷிப்ட் பட்டியல்

2022-ஆம் ஆண்டுக் கோடையில், பதினாறு வயது நிறைந்திருந்த என் மகன், நாங்கள் வசிக்கும் நியூ ஜெர்சி ஊரின் கடைத்தெருவில் இருக்கும் ஒரு பேகல் (வளைய வடிவ ரொட்டி) கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இங்கே வேலை செய்வதற்குத் தனி அனுமதிப் பத்திரம் வேண்டும். அதில் நான் கையொப்பமிட்ட செய்தி கும்பகோணத்தில் இருக்கும் என் மாமனாருக்கு எட்டியபோது, "படிக்கிற பிள்ளைய எதுக்கும்மா கடையில கொண்டு நிறுத்துறீங்க, காசுக்கு என்ன குறைச்சல்?" என்று வருத்தத்தோடு கேட்டார். நானும் இந்த நாட்டில் அப்படித்தான் தொடங்கினேன் என்று அவரிடம் சொன்னேன். 2004-இல் பென்சில்வேனியாவில் முதுகலை படித்தபோது, பல்கலைக்கழக உணவகத்தில் தட்டுக் கழுவும் எந்திரத்தின் முன்னால் வாரத்துக்கு 20 மணி நேரம் நின்றிருக்கிறேன். மணிக்கு 5.15 டாலர், வரிப் பிடித்தத்துக்கு முன் வாரத்துக்கு 103 டாலர். 1997-இல் கூட்டாட்சி அரசு நிர்ணயித்த அந்த 5.15, பத்தாண்டுகள் அசையாமல் 2007 வரை அப்படியே இருந்தது.

என் மகன் சேர்ந்தபோது நியூ ஜெர்சியின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13 டாலர். அப்போதைய ஆளுநர் பில் மர்ஃபி 2019-இல் கையொப்பமிட்ட சட்டத்தின்படி அது ஆண்டுதோறும் உயர்ந்து 2024-இல் 15 டாலரைத் தொட வேண்டும் என்பது ஏற்பாடு. அதன்படி 2023 ஜனவரி முதல் நாளில் ஊதியம் 14.13 டாலராக உயர்ந்தது. அந்த மாத இறுதியில் அவன் கொண்டுவந்த ஷிப்ட் பட்டியலின் படத்தை இன்னமும் வைத்திருக்கிறேன். டிசம்பரில் வாரத்துக்கு 16 மணி நேரம் நின்றவனுக்கு ஜனவரியில் 11 மணி நேரம்தான் எழுதப்பட்டிருந்தது. கூலி உயர்ந்தும் அவன் கைக்கு வந்தது 208 டாலரிலிருந்து 155 டாலராகக் குறைந்திருந்தது.

அவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவன் சம்பளம் ஷூ வாங்கவும் நண்பர்களோடு வெளியே போகவும்தான் செலவாயிற்று. அதே பட்டியலில் அவன் பெயருக்கு இரண்டு வரி மேலே இருந்த பெயரே என்னை உறுத்தியது. எல் சால்வடாரிலிருந்து வந்த, நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, விடியற்காலை ஐந்து மணிக்குக் கடையைத் திறப்பவர், இரண்டு பிள்ளைகளை அந்த வருமானத்தில் வளர்ப்பவர். என் மகன் வாங்கிய அதே கூலிதான் அவருக்கும். அவருடைய 36 மணி நேரம் ஜனவரியில் 30 ஆகியிருந்தது. வாரம் 468 டாலர் 424 டாலராக இறங்கியிருந்தது. கூலி உயர்வு யாருக்காகக் கொண்டுவரப்பட்டதோ அவருக்கே மாத வருமானம் குறைந்ததைக் கண்டபோது, அந்தச் சட்டத்தை மனதார ஆதரித்தவள் என்ற முறையில் எனக்குத் தூக்கம் கெட்டது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் ஜனவரி எல்லாக் கடைகளுக்கும் மந்தமான மாதம். ஏப்ரலில் மறுபடி கேட்டேன். அந்தப் பெண்மணிக்கு 34 மணி நேரம் திரும்பி வந்திருந்தது. அதாவது, முன்பைவிட இரண்டு மணி நேரம் குறைவாக நின்று, வாரத்துக்கு 12 டாலர் கூடுதலாகப் பெற்றார். என் மகனுக்கோ 12 மணி நேரத்துக்கு மேல் கிடைக்கவே இல்லை. கல்லூரிக்குப் போவதற்காக வேலையை விட்ட இன்னொரு பையனின் இடத்துக்குப் புதிதாக யாரையும் எடுக்கவுமில்லை. அவன் செய்த வேலையை இருப்பவர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு கடையின் பட்டியலை வைத்து ஒரு நாட்டின் பொருளாதாரத்தைப் பேசக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், அன்று தொடங்கிய கேள்வி என்னை விடவில்லை. இரண்டு ஆண்டுகளாகக் கிடைத்த நேரத்திலெல்லாம் இதைப் பற்றிப் படித்து வருகிறேன்.

இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற ஆய்வு, நான் இன்று வாழும் மாநிலத்தையும் நான் அன்று படித்த மாநிலத்தையும் ஒப்பிட்டது என்பதைப் படித்தபோது வியந்தேன். 1992 ஏப்ரல் முதல் நாளன்று நியூ ஜெர்சி தன் குறைந்தபட்ச ஊதியத்தை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. டெலவேர் ஆற்றுக்கு அக்கரையில் பென்சில்வேனியா பழைய கூலியிலேயே நின்றது. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் இரு கரைகளிலுமாக 410 துரித உணவகங்களை உயர்வுக்கு முன்பு ஒரு முறையும், எட்டு ஒன்பது மாதங்கள் கழித்து மறுமுறையும் விசாரித்தார்கள். கூலி ஏறினால் ஆள் குறையும் என்பதே அதுவரை பாடநூல்கள் சொல்லிவந்த செய்தி. அவர்கள் கண்டதோ வேறு. நியூ ஜெர்சியில் ஒரு கடைக்குச் சராசரியாக 20.44 ஆக இருந்த முழுநேர ஊழியர் கணக்கு (பகுதிநேரத்தவரை அரை ஆளாக வைத்து) 21.03 ஆகியிருந்தது; கூலி மாறாத பென்சில்வேனியாவில்தான் அது 23.33-இலிருந்து 21.17-க்கு இறங்கியிருந்தது. உயர்வின் சுமையில் ஒரு பகுதி விலையில் ஏறியிருந்தது. வாடிக்கையாளர் தட்டில் அது வந்து சேர்ந்தது.

1994-இல் வெளியான இந்த முடிவை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் தொலைபேசி விசாரணையை நம்பாமல் கடைகளின் சம்பளப் பதிவேடுகளைத் திரட்டி, வேலை குறைந்தது என்று எழுதினார்கள். கார்டும் குரூகரும் அரசுப் பதிவுகளைக் கொண்டு 2000-இல் பதில் எழுதினார்கள். குரூகர் 2019-இல் காலமானார். 2021-இல் கார்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. முப்பது ஆண்டுகளாக இந்த வழக்கு நடக்கிறது என்றாலும், மிதமான உயர்வுகளால் வேலைகள் பெருமளவில் அழிவதில்லை என்ற பக்கத்துக்கே சான்றுகள் கூடுதலாகச் சேர்ந்திருக்கின்றன என்பது என் மதிப்பீடு. 1979 முதல் 2016 வரை மாநிலங்கள் செய்த 138 உயர்வுகளை ஒன்றாக ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, புதிய கூலிக்குக் கீழே மறைந்துபோன வேலைகள் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் புதிய கூலியிலும் அதற்குச் சற்று மேலேயும் தோன்றின என்று கண்டது.

ஏன் அப்படி என்பதற்குரிய விளக்கம், பல்கலைக்கழக உணவகத்தில் நின்ற எனக்குப் புதிதாகப் படவில்லை. சந்தையில் கத்தரிக்காய்க்கு ஒரே விலை நிலவுவதுபோல் உழைப்புக்கும் ஒரே விலை நிலவுகிறது என்று பாடநூல் கற்பனை செய்கிறது. உண்மையில், கார் இல்லாதவர், ஆங்கிலம் சரியாகப் பேச வராதவர், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நடந்து போகும் தூரத்தில் வேலை தேடுபவர் ஆகியோருக்கு முன்னால் இரண்டு மூன்று முதலாளிகளே இருக்கிறார்கள். அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவ்வாறு அடக்கி வைக்கப்பட்ட கூலியைச் சட்டம் உயர்த்தும்போது, கடை நட்டமடைவதற்கு முன் முதலாளியின் மிகுதி லாபம் குறைகிறது. ஆட்கள் அடிக்கடி விட்டுப் போவதும், புதியவரை மறுபடி மறுபடி பழக்குவதும் குறைகின்றன. நான் வேலை செய்த ஒன்றரை ஆண்டில் அந்தத் தட்டுக் கழுவும் எந்திரத்தின் முன் பதினோரு பேர் வந்து போனதை எண்ணியிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் முதல் வாரம் வீணாயிற்று.

ஆகவே வேலைகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் பதில் ஓரளவு ஆறுதலாகவே இருக்கிறது. மணி நேரத்தைக் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சியாட்டில் நகரம் 2014-இல் 15 டாலரை நோக்கிச் சட்டம் இயற்றி, 2016 ஜனவரியில் பெரிய நிறுவனங்களுக்கு 13 டாலர் வரை வந்தது. சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் முதலாளிகள் கூலியோடு மணி நேரத்தையும் அரசுக்கு அறிவிக்க வேண்டியிருப்பதால், பெரும்பாலான மாநிலங்களில் கிடைக்காத கணக்கு அங்கே கிடைத்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, குறைந்த கூலி வேலைகளில் மணிக்கூலி ஏறத்தாழ 3 சதவீதம் உயர்ந்தது, ஆனால் வேலை நேரம் ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்தது, அதனால் அத்தகைய வேலை ஒன்றுக்குச் சராசரியாக மாதம் 125 டாலர் இழப்பு என்றது. பல கிளைகள் உடைய நிறுவனங்களை அது விட்டுவிட்டது, நகரம் அப்போது செழித்துக்கொண்டிருந்ததால் பல வேலைகள் தாமாகவே மேல் கூலிக்கு நகர்ந்திருக்கலாம் என்ற மறுப்புகள் எழுந்தன, அவை நியாயமானவை. அதே குழு அடுத்த ஆண்டு, ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களைத் தனித்தனியாகப் பின்தொடர்ந்து பார்த்தது. அவர்களுக்கு வாரத்துக்கு 8 முதல் 12 டாலர் வரை சராசரியாகக் கூடியிருந்தது. அந்த ஆதாயம் ஏறத்தாழ முழுவதும் அனுபவம் மிகுந்தவர்களுக்கே போயிருந்தது. குறைந்த கூலி வேலைகளில் புதிதாக நுழைபவர்களின் வீதம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அந்த ஏப்ரல் மாதப் பட்டியல்தான் கண்முன் வந்தது: சற்றே மேலேறிய அந்தப் பெண்மணி, நேரம் குறைந்த என் மகன், யாரும் வந்து நிற்காத மூன்றாவது இடம். உயர்வால் பாதிக்கப்படுபவரைக் கடைக்குள் தேடினால் கிடைக்கமாட்டார். அவர் உள்ளே வரவே இல்லை. அவருக்கு வேலை போகவில்லை என்பதால் யாரும் அவரைப் பேட்டி காண்பதில்லை, எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இருப்பதில்லை. நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மேலே சொன்ன 138 உயர்வுகளின் ஆய்வு பதின்ம வயதினரைத் தனியாகவும் பார்த்தது, அவர்களை விலக்கிவிட்டு மூத்தவர்களை எடுத்ததற்கான சான்று அதில் தென்படவில்லை. அதற்கு முன்பே, 1996-இல் நடந்த கூட்டாட்சி உயர்வை ஒட்டி ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் நூற்றுக்கணக்கான கடைகளை ஆராய்ந்தவர், பதின்ம வயதினரின் பங்கு கூடியது என்றே கண்டார். ஆனால் அப்படிக் கூடுதலாக வந்தவர்கள் பெரும்பாலும் வசதியான பகுதிகளின் பிள்ளைகள். கூலி நன்றாக இருந்தால் என் மகனைப் போன்றவர்கள் வேலைக்கு வரத் தயாராகிறார்கள். முதலாளியும் தெரிந்த முகத்தை எடுக்கிறார். அப்போது வரிசையில் பின்னால் தள்ளப்படுவது, அந்தப் பணத்தை வீட்டு வாடகைக்குக் கொடுக்க வேண்டிய வேறொரு பதினாறு வயதுப் பிள்ளை.

இளையோருக்கு மட்டும் குறைந்த கூலி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டன் அப்படித்தான் செய்கிறது: 2025 ஏப்ரல் நிலவரப்படி 21 வயது நிறைந்தவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்டு, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 7.55 பவுண்டு என்று இருந்தது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமும், 20 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதல் 90 நாட்கள் 4.25 டாலர் கொடுக்க இடமளிக்கிறது. ஒரே மேசையில் ஒரே ரொட்டியை அறுப்பவர்களுக்கு இரண்டு கூலி என்பது முதலில் அநீதி. அத்துடன், என் மகன் மலிவாகக் கிடைத்தால், அந்தப் பெண்மணியின் விடியற்காலை ஷிப்ட்டைத் தவிர மற்ற நேரங்களை அவனுக்குக் கொடுப்பதுதான் முதலாளிக்கு லாபம். தாயின் நேரத்தை வெட்டிப் பிள்ளைக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஷிப்ட் நேரத்தைச் சட்டத்தால் காப்பது பற்றி எனக்கு இரண்டு மனம். நியூயார்க் நகரத்திலும் பிலடெல்பியாவிலும், துரித உணவகம் போன்ற இடங்களில் பட்டியலை இரண்டு வாரம் முன்கூட்டியே தர வேண்டும் என்று விதி இருக்கிறது. நடுவில் இருக்கும் நியூ ஜெர்சியில் அப்படி ஒரு மாநிலச் சட்டம் இன்னும் வரவில்லை. அது வர வேண்டும் என்று முழு மனதோடு விரும்புகிறேன். ஆனால் அந்த நகரச் சட்டங்கள், கூடுதல் நேரம் இருந்தால் புதியவரை எடுக்கும் முன் இருப்பவருக்கே கொடுக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. அந்தப் பெண்மணிக்கு அது பெரிய பாதுகாப்பு. வெளியே நிற்பவருக்கோ அது இன்னொரு தாழ்ப்பாள்.

இப்போது என் மகளுக்குப் பதினாறு வயது. இந்தக் கோடையில் ஏழு கடைகளில் விண்ணப்பம் கொடுத்தாள். இரண்டு கடைகள் பதில் அளித்தன. இரண்டிலும் முதலில் கேட்டது முன் அனுபவம் உண்டா என்பதைத்தான். அண்ணனை 2022-இல் யாரும் அப்படிக் கேட்கவில்லை. இதற்குக் கூலி உயர்வுதான் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்லமாட்டேன். கடைகளில் தொடுதிரை எந்திரங்கள் வந்துவிட்டன, ஆள் பற்றாக்குறையும் அன்றுபோல் இன்று இல்லை. ஆனால் கூலியைப் பின்னுக்கு இழுப்பதால் இந்தக் கதவு திறக்கும் என்றும் நான் நம்பவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் பென்சில்வேனியா 2009 முதல் 7.25 டாலரிலேயே நிற்கிறது; அதனால் அங்கே இந்தக் கதவு அகலத் திறந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் வேலைக்கான செலவைப் பொதுவில் ஏற்பதே சரியான வழி என்று எனக்குப் படுகிறது. நியூயார்க் நகரம் 1963 முதல் கோடைக்கால இளையோர் வேலைத் திட்டத்தை நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் 14 முதல் 24 வயது வரையிலான ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அதில் ஆறு வாரம் பங்கேற்கிறார்கள்; 16 வயது நிறைந்தவர்கள் முழுக் குறைந்தபட்ச ஊதியமும், அதற்கு இளையவர்கள் உதவித்தொகையும் பெறுகிறார்கள். சம்பளத்தை நகரம் தருகிறது. எங்கள் ஊர் சிறியது. நூலகத்திலும் பூங்காக்களிலும் பத்துப் பிள்ளைகளை ஆறு வாரத்துக்கு, வாரம் 20 மணி நேரம் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். 2026 ஜனவரி முதல் நியூ ஜெர்சியின் ஊதியம் 15.92 டாலர், அந்தக் கூலியில் ஒரு பிள்ளைக்கு 1,910 டாலர், பத்துப் பேருக்கு 19,104 டாலர், முதலாளி பங்காகச் செலுத்த வேண்டிய வரி தனி. பிள்ளைகளைக் குடும்ப வருமானத்தின் வரிசைப்படி எடுக்க வேண்டும், என் மகளைப் போன்றவர்கள் கடைசியில் வரட்டும் என்றும் அந்தத் திட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். டிசம்பரில் நடக்கும் ஊர் மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஒருவருக்கு மூன்று நிமிடம் தருவார்கள். அந்தப் பெண்மணியின் மூத்த பிள்ளைக்கும் இப்போது பதினைந்து வயது ஆகிறது என்று மகன் சொன்னான். அந்தப் பெண்மணி சம்மதித்தால் அவரையும் உடன் அழைத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.