வேர்க்காமல் மலையேறுவது

வேலூர்க்காரனுக்கு மலை புதிதில்லை. மரமில்லாத மலை என்று கேலி பேசுவார்கள். ஆனாலும் ஊரில் எங்கே நின்றாலும் ஒரு பாறைக் குன்று கண்ணில் படும். பௌர்ணமிக்குப் பர்வதமலை என்றால் சாயங்காலம் கிளம்பி, கூட்டத்தோடு ராத்திரியில் ஏறி, கடப்பாரைப் படியில் கம்பியைப் பிடித்துத் தொங்கி, விடிந்ததும் இறங்கி வருவோம். கையில் தண்ணீர் பாட்டில், டார்ச். வெயில் ஏறுவதற்குள் கீழே வந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் கவலை.

நான் இப்போது இருக்கும் கனடாவின் வான்கூவரில் அந்தக் கணக்கு எதுவும் செல்லாது. போன பொங்கலுக்கு வேலூர் சத்துவாச்சாரியில் மாமா வீட்டுக்கு வந்திருந்தபோது, "பனிமலை ஏறினா வேர்க்காம பாத்துக்கறதுதான் மாமா பெரிய வேலை" என்றேன். "ஐஸ் மேல நடக்கறவனுக்கு இன்னாடா வேர்வை?" என்று சிரித்தார்.

வேர்க்கும். முழங்கால் அளவு பனியில் ஏறினால் நன்றாகவே வேர்க்கும். ஊரில் வேர்வை காய்ந்து உடம்பைக் குளிர்த்தும். அங்கேயும் அதே வேலையைத்தான் செய்கிறது, நின்ற மறுநிமிடம் நடுக்கம் பிடிக்கும். பருத்தி பனியன் ஈரத்தை விடாது. அதனால் உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், நடக்க நடக்கச் சரியாகிவிடும். வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வருகிற புது ஆளை நம்மவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாங்கள் அதிகம் போவது சீமோர் மலையில் உள்ள டாக் மவுண்டன் பாதை. போய்வர சுமார் 5 கிலோமீட்டர், பெரிய ஏற்றமில்லை. கீழே நகரத்தில் மழை பெய்தால் மேலே பனி கொட்டும். பாதை மிதிபட்டு இறுகியிருந்தால் காலணிக்கு அடியில் மாட்டும் முள் வளையமான மைக்ரோஸ்பைக்ஸ், புதுப்பனி ஆழமாக இருந்தால் கால் புதையாமல் தாங்கும் அகலமான ஸ்னோஷூ. முன்னே போனவர் கால்தடத்தை நம்பக்கூடாது, அவரே வழி தவறிப் போயிருக்கலாம். ஊசியிலை மரத்தடியில் கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் குழியாக இருக்கும். விழுந்தால் தானாக ஏறி வருவது கஷ்டம். டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அதனால் தலையில் மாட்டும் ஹெட்லைட் கட்டாயம். குளிரில் போன் சார்ஜ் சட்டென்று இறங்கும் என்பதால் அதை உள் பாக்கெட்டில் வைப்போம். தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் ஐஸ் அடிப்பக்கம் கட்டும், வாய் அடைக்காது. ஆம்பூர் நண்பர் மட்டும் ஹாட் பாக்ஸில் பிரியாணி கொண்டுவருவார். திறந்த கொஞ்ச நேரத்தில் நெய் உறைந்துவிடும், இருந்தும் விடமாட்டார்.

இதையெல்லாம் கேட்ட மாமா, "அப்ப மலை சரிஞ்சி விழுறது?" என்றார். சரியான கேள்வி. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் கிளம்பும். பனிச்சரிவு எச்சரிக்கை தரும் அவலாஞ்ச் கனடா அமைப்பு குளிர்காலத்தில் தினமும் அபாய நிலையை ஐந்து படிகளாக வெளியிடுகிறது. மூன்றாம் படி கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் உயிர்ச்சேதம் அதிகம் நடப்பது அங்கேதான். மூன்று என்று வந்தால் நாங்கள் செங்குத்தான பக்கமே போவதில்லை. நகரத்திலேயே இருக்கும் ஸ்டான்லி பார்க்கில் கடலோரமாக நடந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம்.