கழிச்சல் மருந்தும் ஆச்சி கேட்ட கேள்வியும்

பிப்ரவரியில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் தொடங்கிவிட்டால் களக்காடு பக்கத்து ஊர்களுக்கு விடியும் முன்பே போய்விட வேண்டும். பஞ்சாரத்தைத் திறந்துவிட்டால் கோழிகள் மேய்ச்சலுக்குப் போய்விடும், அப்புறம் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியாது. நான் கால்நடை மருத்துவராகச் சேர்ந்த முதல் வருடம், குஞ்சின் கண்ணில் லசோட்டா என்ற தடுப்பு மருந்தில் ஒரு சொட்டு விடுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு ஆச்சி கேட்டார்: “அந்தச் சீக்குக் கிருமியவேதான் விடுதீயளாமே டாக்டரம்மா, குஞ்சு சாவாதா?”

வீரியம் குறைஞ்ச கிருமி ஆச்சி என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். பதில் தப்பில்லை, ஆனால் அவர் கேட்டதற்கு அது போதாது.

வெள்ளைக்கழிச்சல் வைரஸுக்கு ஆறே மரபணுக்கள், மொத்தம் சுமார் 15,000 எழுத்துகள். செல்லின் மேல் ஒட்டுவது அதற்குப் பெரிய காரியமில்லை, அது பற்றிக்கொள்ளும் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை வகை உடம்பெங்கும் செல்களின் மேல் இருக்கிறது. உள்ளே நுழையத்தான் எஃப் மரபணு தரும் புரதம் வேண்டும், அந்தப் புரதம் ஓர் இடத்தில் வெட்டுப்பட்டால்தான் வேலை செய்யும், வெட்டுகிற நொதியோ கோழியிடம் இருக்கிறது. லசோட்டாவின் புரதத்தை டிரிப்சின் என்ற செரிமான நொதி மாதிரியானவைதான் வெட்டும். அவை மூச்சுக்குழாய், குடல் பக்கம்தான் கிடைக்கும் என்பதால் வைரஸ் அங்கேயே பெருகி, எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிட்டு அடங்கிவிடுகிறது. கொல்லும் ரகத்தில் அதே இடத்தில் ஆர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் நெருக்கியடித்து நிற்கும். அதை ஃபியூரின் என்ற இன்னொரு நொதி வெட்டும், ஃபியூரின் அநேகமாக எல்லா செல்லிலும் உண்டு, அதனால் மூளை வரை எதுவும் தப்பாது. இரண்டு மூன்று அமினோ அமிலம் மாறியதற்கே நேற்று கூவிய சேவல் இன்று பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக் கிடக்கிறது.

இதையெல்லாம் படித்துப் பரீட்சை எழுதியவள்தான் நான். ஆனாலும் அதே வருடம் ஒரு வீட்டில் ஆறு வாரக் குஞ்சுகளுக்கு லசோட்டாவைவிட வீரியம் கூடிய ஆர்2பி தடுப்பூசியைப் போட்டுவிட்டேன். எட்டு வாரமான கோழிக்குத்தான் அதைப் போட வேண்டும். “ரெண்டு மாசம் ஆச்சு” என்றார்கள், இறகைப் பார்த்தே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும், வரிசையில் ஆள் நிற்கிறார்களே என்று பார்க்காமல் விட்டேன். சில நாளில் நான்கு குஞ்சுகள் காலை இழுத்தன, இரண்டு பிழைக்கவில்லை. ஆர்2பியின் வெட்டுமிடம் கொல்லும் ரகத்தின் வெட்டுமிடம் மாதிரியேதான், ஃபியூரினே அதை வெட்டிவிடும். வளர்ந்த கோழியிடம் அது அடங்கி இருப்பதற்கு மற்ற மரபணுக்களும் காரணம், எஃப் ஒன்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. கால் நீட்டிக் கிடந்த அந்தக் குஞ்சுகளைப் பார்த்த பிறகுதான் அந்தப் பாடம் எனக்கு உறைத்தது.

மறுவருடம் ஆச்சி வீட்டுக்கு முதலில் போனேன். “ஆச்சி, இந்த மருந்துக் கிருமி திண்ணையோட நின்னுக்கிடும், அரங்கு வீட்டுக் கதவு அதுக்குத் திறக்காது” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப கொல்லுத கிருமிக்கு எல்லாக் கதவும் திறக்கும், என்னா?” என்று கேட்டுக்கொண்டே பஞ்சாரத்துக்குள் கைவிட்டு அடுத்த குஞ்சை எடுத்து நீட்டினார்.