வடலூர் தருமச்சாலையில் ஒரு பூசநாள்

வடலூருக்குப் போனால் பலரும் நேரே சத்திய ஞான சபைக்குத்தான் நடக்கிறார்கள். நான் சொல்வேன், முதலில் தருமச்சாலை அடுப்பைப் பாருங்கள். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி வள்ளல் பெருமான் இராமலிங்க அடிகள் மூட்டிய அடுப்பு அது, இன்றுவரை அணைந்ததில்லை. என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்காமல் பசித்து வருகிற எல்லாருக்கும் சோறு. இதற்கெல்லாம் இடம் கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்கள். ஏறத்தாழ 80 காணி! விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால், நிலத்தை எழுதிக் கொடுக்க எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா தவறியபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்தாலே அவள் நினைவு வந்து தொண்டையை அடைக்கும். அண்ணன்தான், "அம்மா பேரில் வடலூருக்கு அரிசி கொடுத்துவிட்டு வரலாம், வா" என்றார். மாதப் பூசத்தன்று போனோம். மூட்டையை இறக்கியதும் காய் நறுக்க உட்கார்ந்தேன். மதியம் பந்தியில் பரிமாறவும் விட்டார்கள்.

ஒரு பெரியவர். கை நடுங்கியது. முதல் கவளம் உள்ளே போகும்வரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாதிச் சோறு ஆனதும் முகம் தெளிந்தது, கண்ணில் ஒளி வந்தது. "இன்னுங் கொஞ்சம் வைம்மா" என்றார். வைத்தேன். "நீ சாப்டியா?" என்று என்னைக் கேட்டார். அம்மாவுக்குப் பிறகு அந்தக் கேள்வியை அப்படி யாரும் கேட்டதில்லை. கடைசிப் பந்தியில் நானும் உட்கார்ந்தேன். சோறும் சாம்பாரும்தான். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பெருமானின் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலை அதற்குப் பிறகுதான் நிதானமாகப் படித்தேன். பசி வந்தால் கண் பஞ்சடைந்து குழிவதையும், காது அடைப்பதையும், நா வறள்வதையும் உறுப்பு உறுப்பாக எழுதியிருக்கிறார். பசி ஆறியதும் உண்டவருக்கு வருகிற இன்பம், கொடுத்தவர் உள்ளத்திலும் முகத்திலும் அப்போதே ததும்பும் என்கிறார். மருந்துக்கு மசியாத சூலை, குன்மம் போன்ற நோய்கள் உள்ளவர்களும் தங்கள் தகுதிக்கு ஏற்றபடி பசியாற்றுவிப்பதை விரதமாகக் கொண்டால் அதுவே மருந்தாகும், அந்த விரதம் உள்ள குடும்பத்தாரைக் கோடை வெயிலும் வருத்தாது என்றும் சொல்கிறார். என் நோய்க்கு அது மருந்தானதை நான் கண்டேன். அந்த மருந்து வேலை செய்ய மறுபிறவிவரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, பந்தி முடிவதற்குள் பலித்துவிட்டது.

இரவு சபையில் ஜோதி தரிசனம். மாதப் பூசத்தில் ஜோதியை மறைக்கும் ஏழு திரைகளில் ஆறை விலக்குவார்கள், தைப்பூசத்தில்தான் ஏழும் விலகும். கூட்டத்தோடு சேர்ந்து 'அருட்பெருஞ்ஜோதி, தனிப்பெருங்கருணை' என்று சொன்னபோது எனக்குக் கருணை என்றதும் அந்தப் பெரியவரின் முகமே தெரிந்தது.

வருகிற தையில் மகளுக்குக் கல்யாணம். திருமணம் போன்ற விசேஷங்களில் பசித்தவர்களை மறக்கக் கூடாது என்று பெருமான் அதே நூலில் வலியுறுத்துகிறார். அதனால் மண்டபத்துச் சமையலுக்கு மளிகை வாங்கும் முன்பே தருமச்சாலைக்கு அரிசி போய்விட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். சம்பந்தி அம்மாவிடம் சொன்னேன். "அப்போ காய்கறி எங்க பொறுப்பு சம்பந்தி, நானும் பரிமாற வர்றேன்" என்றார்.