சிட்னியில் பெரியவர்களோடு காட்டு நடை: ஒரு முகாம் போட்ட அனுபவம்

சிட்னிக்கு மேற்கே புளூ மவுண்டன்ஸ் மலையில் இருக்கும் வென்ட்வொர்த் ஃபால்ஸ் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறும்போது 74 வயது மாமி ஒருவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. கையைப் பிடித்தால் சில்லென்று வியர்வை. அந்தச் சனிக்கிழமை நடைக்குப் பதினாறு பேரை அழைத்துப்போயிருந்தது நான்தான். சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் கொடுத்து அரைமணி நேரம் உட்காரவைத்த பிறகு மெல்ல எழுந்தார். ரயிலில் வரும்போதுதான் பக்கத்தில் நகர்ந்து வந்து சொன்னார்: "காலைலேந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலைம்மா. வழியில பாத்ரூம் இருக்குமோ இருக்காதோன்னு பயம்."

அன்றைக்கு என்னிடம் வரைபடம் இருந்தது, முதலுதவிப் பை இருந்தது, வானிலை பார்த்திருந்தேன். போய்வர இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை என்று தூரத்தையும் பார்த்திருந்தேன். மாமியிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நாங்கள் போட்ட நடைகளும், போன ஏப்ரலில் அதே மலையில் உள்ள பிளாக்ஹீத் ஊரில் நடத்திய முகாமும் அந்த ஒரு நாளிலிருந்து வந்தவை. இதேபோல் அம்மா அப்பாக்களை, மாமா மாமிகளைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் திருச்சிக்காரி. மலைக்கோட்டையில் ஏற முடியாவிட்டால் பாதியிலேயே திரும்பி இறங்கிவிடலாம். கஷ்டம் முதலில், இறக்கம் பிறகு. புளூ மவுண்டன்ஸ் இதற்கு நேர் எதிர். ஊர்களும் ரயில் நிலையங்களும் மலையின் தலையில் இருக்கின்றன. பாதைகள் பள்ளத்தாக்குக்குள் இறங்குகின்றன. போகும்போது எல்லோருக்கும் குஷி. கால் ஓய்ந்த பிறகுதான் ஏற்றம் வரும். பாதியில் திரும்பினாலும் ஏறித்தான் ஆக வேண்டும். முழங்கால் தேய்ந்தவர்களுக்கோ இறங்குவதே பெரிய வலி. இது புரிந்ததிலிருந்து கிலோமீட்டரை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் நடைபாதைகளைக் கிரேடு 1 முதல் 5 வரை பிரித்திருக்கிறார்கள். கிரேடு 1 சமதளம், படி கிடையாது. 2 என்றால் லேசான ஏற்றமும் எப்போதாவது படியும். 3 வந்துவிட்டால் குறுகிய செங்குத்தான ஏற்றம், கரடுமுரடான தரை, நிறையப் படிகள். 'பெரும்பாலான வயதினருக்கும் ஏற்றது' என்று அதில் எழுதியிருப்பதை நம்பி 70 வயதுக்காரர்களைக் கூட்டிப்போகக் கூடாது. எங்கள் குழுவுக்கு 1, 2 வழக்கமான நடை. 3 என்றால் ஆளைப் பார்த்துத்தான். நேரக் கணக்குக்கு 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி ஒன்று உண்டு: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அது திடகாத்திரமானவர்களுக்கு. எங்கள் ஆட்களோடு நானே நேரம் குறித்துப் பார்த்ததில் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர், நிற்பது உட்காருவது எல்லாம் சேர்த்து. அதை வைத்துத்தான் ரயில் நேரம் பார்க்கிறேன்.

ஒவ்வொரு நடைக்கும் முன்னால் இரண்டு வாரத்துக்குள் நான் ஒருமுறை போய் நடந்துவிடுவேன், துணைக்கு ஒருவரோடு. நோட்டில் படிகளை எண்ணி எழுதுவேன். கைப்பிடி எந்தப் பக்கம், பெஞ்சு எங்கே, போன் சிக்னல் எங்கே போகிறது, நடுவில் ரோட்டுக்கு வெளியேற வழி உண்டா, டாய்லெட்டுக்கும் டாய்லெட்டுக்கும் நடுவில் எத்தனை நிமிடம். இந்தக் கடைசிக் கணக்கை இப்போது வாட்ஸ்அப் அழைப்பிலேயே போட்டுவிடுகிறேன்: 'நடை ஆரம்பத்தில் டாய்லெட் உண்டு. அடுத்தது 50 நிமிடத்தில்.' அப்படிப் போட ஆரம்பித்த மாதத்திலேயே புதிதாக ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள். மழை பெய்தால் அங்கே பாறை சரிந்து பாதைகளை மூடிவிடுவார்கள், சில சமயம் மாதக்கணக்கில். அதனால் தேசியப் பூங்கா அறிவிப்பை முந்தின நாளும் அன்று காலையும் பார்ப்பது கட்டாயம்.

முதல் வருடம் பக்கத்திலேயே நடந்தோம். பாரமட்டா ஏரியைச் சுற்றி ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். ராயல் தேசியப் பூங்காவில் லேடி கேரிங்டன் டிரைவ், பழைய குதிரை வண்டிப் பாதை, ஆற்றை ஒட்டியே அகலமாகப் போகும். அதில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிட்டு, ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலில் தரிசனம் முடித்து, கேன்டீனில் தோசை சாப்பிட்டோம். காட்டுக்குள் நடப்பதா என்று தயங்கிய இரண்டு பேர் கோயிலுக்காகத்தான் வந்தார்கள். அடுத்த நடைக்கு அவர்கள்தான் முதலில் பெயர் கொடுத்தார்கள்.

நாள் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். முழங்கால்தான் பெரிய தடையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவரும் பொறுப்பு அதைவிடப் பெரிய தடை. இங்கே உள்ள தாத்தா பாட்டிகளுக்குக் காலை ஒன்பதரையிலிருந்து மதியம் இரண்டரை வரைதான் சொந்த நேரம். பள்ளி விடுமுறையிலோ நாள் முழுக்கப் பிள்ளைகள் அவர்கள் கையில். முகாம் போடலாம் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் பெயர் கொடுக்கவில்லை. கடைசியில் மகன்களுக்கும் மகள்களுக்கும் நானே ஒரு கடிதம் எழுதினேன். வியாழன் மாலை கிளம்பி ஞாயிறு திரும்புகிறோம்; நீங்கள் வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் லீவு போட்டால் உங்கள் அம்மா வர முடியும் என்று. ஒரு வாரத்தில் 22 பேர் சேர்ந்துவிட்டார்கள்.

தேதியில் இன்னொரு தப்பும் செய்தேன். பள்ளிக் காலண்டரைப் பார்த்தேன், பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது நாள் ஏகாதசி. மூன்று பேர் விரதம். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் வெறும் வயிற்றோடு மலையில் நடக்கக் கூடாது. பேசிப் பார்த்ததில் இரண்டு பேர் பாலும் பழமும் எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் அன்று நடக்காமல் விடுதியிலேயே இருந்து பாராயணம் செய்தார். இப்போது தேதி குறிக்கும்போதே ஏகாதசி, அமாவாசை, கிருத்திகை எல்லாம் பார்த்துவிடுகிறேன்.

தங்குமிடம் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நேரில் போய்ப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். நாங்கள் முதலில் பேசிய இடம் 30 படுக்கைகள் என்றது. போய்ப் பார்த்தால் எல்லாம் அடுக்குக் கட்டில். பாதி மேலே! 76 வயதுக்காரர் ராத்திரி மூன்று மணிக்கு ஏணியில் இறங்கி, வெளியே நடந்து, தனிக் கட்டிடத்தில் இருக்கிற கழிப்பறைக்குப் போக வேண்டும். வேண்டாம் என்று வந்துவிட்டோம், முன்பணம் திரும்பவில்லை. அடுத்த இடத்தில் கீழ்ப் படுக்கைகளை மட்டும் எண்ணினேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்றும் பார்த்தேன். தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்கு மெஷின் வைத்துக்கொள்பவர்கள் எங்களில் மூன்று பேர். இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ், நடைவழியில் ராத்திரி விளக்கு, அறைக்கு ஹீட்டர். பிளாக்ஹீத் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், ஏப்ரலிலேயே ராத்திரி நடுங்கும்.

அப்புறம் அந்த ஃபாரம். முதல் வருடம் 'உடல்நலக் குறைவு ஏதேனும் உண்டா?' என்று ஒரே வரி. பதினாறு பேரும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. பிபியும் சுகரும் அவர்களுக்குக் குறைவாகத் தோன்றுவதில்லை, அது வீட்டில் ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டது. அதோடு, சொன்னால் கூட்டிப்போக மாட்டார்களோ என்ற பயமும் இருந்தது. முகாமுக்குக் கேள்விகளை மாற்றினேன். மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் இறங்குவீர்களா? தரையில் உட்கார்ந்தால் துணையில்லாமல் எழுந்திருக்க முடியுமா? காலை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போக வேண்டியிருக்கும்? மேலே ஒரு வரி: 'பதில் எதுவாக இருந்தாலும் உங்களுக்கு ஒரு நடை உண்டு.' மருந்துப் பட்டியலும் பிள்ளைகள் போன் நம்பரும் ஒட்டிய கவரில் அவரவர் பையிலேயே. தேவைப்பட்டால் மட்டும் பிரிப்போம்.

விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோர்கள் என்றால் பயணக் காப்பீட்டுத் தாளை நான் கண்ணால் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஆம்புலன்ஸ் செலவைத் தராது என்பது இங்கேயே இருக்கும் பலருக்கும் தெரியவில்லை. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பென்ஷன் கார்டு உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. மற்றவர்கள் காப்பீடு வைத்திருப்பது நல்லது. ரயில் செலவு மட்டும் மனசுக்கு நிறைவு: முதியோருக்கான கோல்டு ஓபல் பயணக் கார்டு இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டரை டாலருக்கு மேல் போகாது, பிளாக்ஹீத் வரைக்கும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு பாம்புக்கடிக்குக் கட்டுப் போடப் பழகினோம். ஊரில் நாம் கயிற்றை இறுக்கிக் கட்டுவதையும் கீறிவிடுவதையும் பார்த்து வளர்ந்தவர்கள். இரண்டும் கூடாது. கடித்த இடத்தைக் கழுவவும் கூடாது. அகலமான எலாஸ்டிக் துணியால் கை அல்லது கால் முழுக்க அழுத்திச் சுற்றி, அசையாமல் இருக்கக் கம்பு வைத்துக் கட்டி, ஆளை அங்கேயே படுக்கவைத்து அவசர எண் 000-வை அழைக்க வேண்டும். கடிபட்டவரை நடக்கவிடக் கூடாது. யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் காலை நீட்டிக் காட்ட, நாலு மாமிகள் மாறி மாறிச் சுற்றினார்கள். மூன்றாவது தடவை யார் சுற்றினாலும் கச்சிதமாக வந்தது.

பிளாக்ஹீத் தேசியப் பூங்கா அலுவலகத்தில் அவசரக் கருவி ஒன்றை இலவசமாக இரவல் தருகிறார்கள். பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குச் செய்தி போகும். பள்ளத்தாக்குக்குள் போன் எடுக்காது என்பதால் இது இல்லாமல் இறங்கக் கூடாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று பயண விவரத்தையும் முன்பே பதிந்துவிட்டோம்.

தினமும் மூன்று நடைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பெயர் வைத்தால் முழங்கால் வலியோடு ஆண்கள் கடினத்துக்குத்தான் கை தூக்குவார்கள். அதனால் விடுதிக்குத் திரும்பும் நேரத்தைப் பெயராக வைத்தேன்: பதினோரு மணி நடை, ஒரு மணி நடை, நாலு மணி நடை. முதலாவது, கோவெட்ஸ் லீப் என்ற காட்சிமுனை வரை போகும் ஃபேர்ஃபாக்ஸ் பாதை, சக்கர நாற்காலியும் தள்ளிக்கொண்டு போகலாம். இரண்டாவது, அங்கிருந்து மலை விளிம்பை ஒட்டி எவான்ஸ் லுக்அவுட் என்ற இன்னொரு காட்சிமுனை. மூன்றாவது, இங்கேயே உள்ள கிராண்ட் கேன்யன் என்ற பள்ளத்தாக்குப் பாதை, ஆறு கிலோமீட்டருக்கு மேல், இறங்கி ஏறுவது. அதற்கு ஆறே பேர்.

நடக்கும்போது இரண்டு விதிகள். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்னால் இருக்கக் கூடாது. கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் ஆரம்பம். இல்லாவிட்டால் வேகமாகப் போனவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்து, மெல்ல வருபவர் வந்து சேர்ந்ததும் எழுந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைக்காது.

மூன்றாவது விதி முகாமிலேயே வந்தது. சனிக்கிழமை ஒரு மணி நடை. எவான்ஸ் லுக்அவுட் போகும் வழியில் தலை எண்ணினால் எட்டு. இருக்க வேண்டியது ஒன்பது. ஒரு பக்கம் இடுப்பளவு புதர், இன்னொரு பக்கம் பாறை விளிம்பு. பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். பதில் இல்லை. அவர் காது கேட்கும் கருவியைப் பையில் போட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்குத் தொண்டை உலர்ந்துவிட்டது. ஏழெட்டு நிமிடம் கழித்துப் புதருக்குப் பின்னாலிருந்து பேன்ட்டைச் சரிசெய்தபடி வந்தார். ஒதுங்கப் போயிருக்கிறார், சொல்லக் கூச்சம். அன்று சாயங்காலமே சொல்லிவிட்டோம்: ஒதுங்கும்போது பையைப் பாதையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம். பை கிடந்தால் கடைசி ஆள் அங்கேயே நிற்பார்.

ஞாயிறு காலை பதினோரு மணி நடைக்கு எல்லோருமே வந்தோம். வென்ட்வொர்த் ஃபால்ஸில் மயங்கிய அதே மாமியும் வந்திருந்தார், இரண்டு கையிலும் நடைக்கோல். வழியில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்த்து, "ஊட்டி தைலம்!" என்றார். ஊட்டிக்கு அந்த யூகலிப்டஸ் மரமே ஆஸ்திரேலியாவிலிருந்து போனதுதான் என்று சொன்னேன். நீலகிரியும் நீல மலை, இதுவும் நீல மலை என்று அவரே அடுத்ததைச் சொல்லிக்கொண்டார். கோவெட்ஸ் லீப்பில் மூடுபனி. அருவி சுமார் 180 மீட்டர் விழுகிறது, ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. யாரும் பேசாமல் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கால்மணி நேரத்தில் பனி கீழிருந்து கிழிந்து, முதலில் எதிர்ப் பாறையின் மஞ்சள் நிறம், பிறகு நூல் மாதிரி அருவி.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மாமி என்னிடம் அவருடைய ஃபாரத்தைக் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டி, பேனா வாங்கி, பாத்ரூம் கேள்விக்கு எதிரே எழுதியிருந்த '2 மணி நேரம்' என்பதை அடித்துவிட்டு '45 நிமிஷம்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.