இரண்டு கிலோ கடன்

2022 ஏப்ரல் 17

தாத்தா வீட்டுப் பூட்டு சாவிக்கு மசியவில்லை. சித்தப்பா கடப்பாரையோடு வந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் பாதி ஓடு பறந்தது. அப்புறம் யாரும் இங்கே தங்கவில்லை. கொல்லையில் மூன்று தென்னைதான் நிற்கிறது, மீதியெல்லாம் காட்டாமணக்குப் புதர். நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தின் அடிப்பலகையைக் கரையான் தின்றிருக்கிறது.

கொல்லையை அடுத்த மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகையிலிருந்து கைக்கு வந்துவிட்டது. ரசாயன உரமில்லாமல் நெல் போடப்போகிறேன் என்றேன். "அதுவரைக்கும் சோத்துக்கு என்னம்மா பண்ணுவ?" என்றார் சித்தப்பா. கம்பெனி வேலையை இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது.

மே 26

மேட்டூர் அணையை முந்தாநாளே திறந்துவிட்டார்கள். வழக்கமாக ஜூன் 12. எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வருமோ.

விதை கிடைத்துவிட்டது. மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல், 2 கிலோ. கொடுத்தவர் பணம் வாங்கவில்லை. அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் இந்தப் பக்கத்தில் பழக்கிவிட்ட கணக்கு. கஜா வந்த அடுத்த மாதம் அவர் காலமானார், கணக்கு நின்றுபோகவில்லை.

ஜூன் 24

வளர்ந்ததும் மண்ணோடு உழுது உரமாக்கத் தக்கைப்பூண்டு 20 கிலோ விதைத்தாயிற்று. உம்பளச்சேரி நாட்டுப் பசு ஒன்று கன்றோடு வந்திருக்கிறது. கன்று செம்மண் நிறம்; வளர வளரச் சாம்பலாகிவிடுமாம். பால் வேளைக்கு ஒரு சொம்பு கூட இல்லை. அம்மா போனில், "காபிக்குப் பாக்கெட் பால்தான் வாங்கணுமா?" என்றாள். சாணத்துக்காக வாங்கின மாடு என்றேன். அவள் சிரிப்பை அடக்கவே இல்லை.

ஆகஸ்ட் 9

இடுப்புயரத் தக்கைப்பூண்டை மடக்கி உழுதோம். பூ எடுக்கும் முன்பே மடக்கிவிட வேண்டும், தண்டு முற்றினால் மட்காது.

ஆகஸ்ட் 22

விதை தேர்வு. பக்கெட் தண்ணீரில் முட்டையைப் போட்டேன், முழுகியது. கல்லுப்பைக் கரைக்கக் கரைக்க மெல்ல எழுந்து, எட்டணாக் காசு அளவுக்கு ஓடு வெளியே தெரிந்ததும் நிறுத்தினேன். முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கிறது, கனத்தது அடியில் தங்குகிறது. இருப்பதே 2 கிலோ. மிதந்ததை அரித்து எறியும்போது கை கூசியது. அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் நாலு தரம் அலசிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 6

நடவு. பதினைந்து நாள் நாற்று, குத்துக்கு ஒன்றே ஒன்று. நடவுக்கு வந்த அக்காமார்களுக்குக் கொத்தாக வைத்துத்தான் பழக்கம். "நடவா இது பாப்பா, புள்ளிக் கோலமா?" என்று ஒருவர் கேட்க, வயல் முழுக்கச் சிரிப்பு. மாலையில் பார்த்தால் வயல் நட்ட மாதிரியே இல்லை, வெறும் சேறு. சித்தப்பா வரப்பில் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அக்டோபர் 30

ஒரு நாற்று கிளைத்து முப்பது தூருக்கு மேல் கட்டியிருக்கிறது. எண்ணி முடித்தபின் நம்பாமல் மறுபடி எண்ணினேன். இலைச்சுருட்டுப் புழு கொஞ்சம். குறுக்குக் குச்சி கட்டி ஆங்காங்கே நட்டுவைத்தேன்; இரட்டைவால் குருவிகள் வந்து உட்கார்ந்து மீதியைப் பார்த்துக்கொள்கின்றன.

மேல் வயல் சித்தப்பாவுடையது. அவர் யூரியா போட்ட தண்ணீர் என் வயலுக்குள்தான் வடிகிறது. வரப்பை அகலப்படுத்தி ஓரமாகத் தனி வடிகால் வெட்டிவிட்டோம். அந்த வடிகாலால் இரண்டு வாரமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

2023 பிப்ரவரி 3

மூன்று நாளாக மழை. தை மாதத்தில், கதிர் சாயும் நேரத்தில். மாப்பிள்ளைச் சம்பா என் தோள் உயரம் வளர்ந்திருந்தது, மொத்தமும் படுத்துவிட்டது. குட்டை ரகமான சித்தப்பாவின் நெல்லும் தண்ணீரில்தான். இருவரும் மண்வெட்டியோடு ஒரே மடையை வெட்டிவிட்டோம். அப்போதுதான் பேசினார்: "ஈரம் 17 சதவீதத்துக்கு மேல போனா கொள்முதல்ல எடுக்க மாட்டான்மா." சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார்.

பிப்ரவரி 12

இயந்திரம் இறங்காத சேறு. ஆள் வைத்து அறுத்தோம். ஒன்பது மூட்டை. கூலியைக் கழித்துப் பார்க்க இன்றைக்குத் தெம்பில்லை.

பிப்ரவரி 27

நெல்லிலிருந்து நூறு மணியை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்திருந்தேன். இன்று பிரித்தால் 71 முளைத்திருக்கிறது. விதைக்கு 80 ஆவது வேண்டும். சோற்றுக்கு ஆகும், கடனுக்கு ஆகாது.

மார்ச் 8

தென்னையோரம் மேட்டில் நின்ற நாலு வரிசை தண்ணீரில் படுக்கவில்லை. அதைத் தனியாகத் தட்டி வைத்தது நல்லதாகப் போயிற்று. அதில் நூறுக்கு 88. மொத்தம் 11 கிலோ இருந்தது. அதில் 4 கிலோவை வேப்பிலையோடு துணிப்பையில் கட்டி, எலிக்கு எட்டாமல் கூடத்து விட்டத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.